மூன்றாம் மாத ஊசி

தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஏறும் படியிலேயே மல்லிகாவுக்கு அது உறைத்தது. சத்தம் இல்லை. மூன்று மாதமாகத் தம்பி கஜேந்திரன் சுவரோடு பேசும் பேச்சு, மழை தகரத்தில் அடிக்கும்போதுகூட, ரப்பர் பால் புளித்த வாடையோடு படி வரைக்கும் இறங்கி வரும். இன்று வாடை மட்டும் வந்தது.

மாதம் ஒரு ஊசி. அது போட்டால் அவன் விடியப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போவான், பால் வெட்டுவான், சிரிப்பான். டவுன் ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டர் மாற்றலாகிப் போன பிறகு பதில் ஆள் போடவில்லை, ஊசியும் அனுப்பவில்லை. இன்றும் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் 'லபன மாசே' என்றாள். அடுத்த மாதமாம். மேலிடத்துக்கு எழுதிப் போட்டதற்கு, கவனத்தில் எடுத்திருப்பதாக ஒரு கடிதம் வந்தது. எடுத்து என்ன செய்வார்கள், ஊறுகாய் போடுவார்களா?

போன வாரம் அவன் சந்திக்கு இறங்கி, சோதனைச் சாவடி ஆமிக்காரனிடம் கத்தினான். இன்னொரு தடவை என்றால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். யுத்த நேரத்தில் அப்படிப் போன தமிழ்ப் பையன் திரும்பி வருவானா? அந்தப் பயத்தில்தான் விடியற்காலையில் அவனை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பூட்டு அப்படியே தொங்கியது.

பக்கத்து வீட்டு சசி வாசலுக்கு வந்தாள். "மத்தியானமே வந்துட்டீங்களேக்கா. மறுபடி எங்க போனீங்க?"

"நான் இப்பத்தான் வர்றேன் சசி."

சசி விழித்தாள். "செவுத்து வழியா கேட்டிச்சேக்கா. ஊசி வந்துருச்சான்னு தம்பி கேட்டாரு. வந்துருச்சு, கைய நீட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. தூங்குறாருன்னு நெனச்சேன்."

சாவி பூட்டில் நுழையவில்லை. இரண்டாம் தடவை திறந்தது.

இருட்டு. ஈரம். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை.

தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டியபடி. மேற்கையில் ஒரு பொட்டு இரத்தம். தொட்டாள். சில்லிட்டிருந்தான். முகத்தில் மூன்று மாதமாகக் காணாத நிம்மதி.

"அடுத்த ஆளு வாங்க."

மூலையிலிருந்து. அவளுடைய குரலிலேயே.

கத்த வேண்டும். ஓட வேண்டும். மூன்று மாதம் தூங்காத உடம்பு அசையவில்லை. மல்லிகா குனிந்து பார்த்தாள். அவளுடைய ஜாக்கெட்டின் கை, தோள் வரைக்கும் சுருட்டப்பட்டிருந்தது.