வெள்ளித்தாளில் சுற்றிய கரி

ஷாமிலாவுக்குக் கிடைத்த அறை பல்கலைக்கழக விடுதியின் பழைய கட்டடத்தில், மேல்மாடியில் இருந்தது. கல்லால் கட்டி நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வெளியே ரொறன்ரோவின் ஸ்ட்ரீட்கார் இரைச்சல். உள்ளே சுவரெல்லாம் ஈரக் கம்பளி மணம். அப்பா நீக்கிலாஸ் சூட்கேசோடு படியேறி மூச்சு வாங்கினார். அம்மா வேரோனிக்கா கட்டிலை உதறி விரித்து, ஜன்னலை இழுத்துப் பார்த்து, கடைசியில் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். மீன் கட்லட், பொரித்த இறால். அதன்மேல் வெள்ளித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று.

"உதென்னம்மா?"

"கரித்துண்டு. பொரியல் கொண்டு போகேக்க வைக்கிறதுதான். பெட்டியிலயே கிடக்கட்டும்."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுசி. மாதாவையும் நம்புவார், கரியையும் நம்புவார். எதற்கும் இருக்கட்டுமே என்கிற கட்சி. பொரியல் மணத்துக்குப் பின்னால் கண்ட பேய் பிசாசெல்லாம் வந்துவிடுமாம். அவர்களுடைய கார் அஜக்ஸில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பித் தெருமுனை தாண்டுவதற்குள் ஷாமிலா அதைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

அன்று பின்னேரமே யாரோ பாடம் பாடமாக்குகிற சத்தம் கேட்டது.

சன்னமான ஆண் குரல். விளங்காத பாஷை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, பிழைத்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பக்கத்து அறைக்காரன் என்று நினைத்தாள். பக்கத்து அறை பழைய கதிரைகள் போட்டுப் பூட்டி வைத்த அறை என்பது மறுநாள்தான் தெரிந்தது. வாசலில் காவலுக்கு நிற்கிற மன்னார்க்காரர் றிச்சர்ட்டிடம் கேட்டாள்.

"உது லத்தீன், பிள்ளை," என்றார் அவர் சிரித்துக்கொண்டு. "அந்தக் காலத்தில படிச்ச பெடியன் ஒருத்தன் எண்டு சொல்லுவினம். பண்ணைக்காரற்ற மோன். சோதனை பாஸ் பண்ணாமல் வீட்டுப் பக்கம் வராதை எண்டு தேப்பன் சொல்லிப்போட்டாராம். பனிக்காலத்தில காய்ச்சல் வந்து உங்கயே செத்துப்போனான். வீட்டை போக உடுப்பெல்லாம் அடுக்கி வைச்சபடி."

"வீடு எங்க அங்கிள்?"

"இப்ப நீங்கள் இருக்கிற அஜக்ஸ் பக்கம்தான். அப்ப அந்தப் பேரே இல்லை. எல்லாம் வயல்."

அவளும் சிரித்தாள். படியேறும்போது சிரிப்பு வரவில்லை.

அம்மா தினமும் பின்னேரம் போன் எடுப்பார். அதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று இருக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, இடைக்கிடை "ஓம் அம்மா" என்றால் போதும். என்ன சமையல், யாருக்குக் கலியாணம், யார் செத்தது, எல்லாம் தன்பாட்டில் ஓடும்.

போன் அடித்ததும் லத்தீன் நின்றுவிடும். மேசைப் பக்கம் குளிரும். யாரோ போனுக்கு மேலே குனிந்து நிற்பது போல ஈரக் கம்பளி மணக்கும்.

ஒரு நாள் குளிக்கப் போகிற அவசரத்தில், அம்மா கதைத்துக்கொண்டிருக்கும்போதே, வெறும் மேசையைப் பார்த்து நக்கலாக முணுமுணுத்தாள்: "நீரே கதையும்."

திரும்பி வந்தபோது போனில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். தன்னோடு கதைக்கும்போது அவர் அப்படிச் சிரித்ததாக ஷாமிலாவுக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு பாடம் மாறியது.

"சாப்பிட்டியோ பிள்ளை. ஓம் அம்மா. தொப்பி போட்டியோ. ஓம் அம்மா."

சோதனைக்குப் படிக்கிற அதே கவனம். பிழைத்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. நாளாக நாளாக அதில் ஆண் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

ஒரு பின்னேரம் அது அவளுடைய குரலாகவே இருந்தது.

அம்மாவின் அழைப்புகள் நின்றுபோயின. தொல்லை விட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டவள், பிறகு படிப்பை விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தானே அம்மாவுக்கு போன் எடுத்தாள்.

"இப்பதானே பிள்ளை ஒரு மணித்தியாலம் கதைச்சனீ," என்றார் அம்மா. "முந்தி ஓம் ஓம் எண்டதோட சரி. இப்பதான் என்னோட மனம் விட்டுக் கதைக்கிறாய். வீட்டை வரவேணும் எண்டு நீ அழுதது எனக்குப் பொறுக்கேல்லை. நாளைக்கு வா, கட்லட் செய்து வைக்கிறன்."

ஷாமிலாவுக்கு வயிறு எரிந்தது. பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. அவளுடைய அம்மா. அவளுக்கென்று பொரிக்கிற கட்லட். அவள் கேட்காமல் மேசையில் விட்டுப் போன பேச்சுத்தான். ஆனாலும் அதை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டால் பொறுக்குமா?

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு, அவனுக்கு முந்திவிட வேண்டும் என்று அடித்துப்பிடித்து ரயில் ஏறினாள். நெரிசலிலும் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. டிக்கெட் பார்க்கிறவர் அவளைக் கேளாமலே தாண்டிப் போனார். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. குசினியில் வெளிச்சம், பொரியல் மணம். மேசையில், அவளுடைய கதிரையில், அவளுடைய முதுகு.

"அம்மா," என்றாள்.

சத்தம் வரவில்லை.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா," என்றது அந்த முதுகு. ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை.

அம்மா அதன் தலையைத் தடவினார். ஷாமிலா வாசற்படியில் கால் வைத்தாள். அம்மா நிமிர்ந்து, அவள் நின்ற இடத்தையும் அவளுக்கு அப்பால் தெருவையும் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது, ஈரக் கம்பளி மணக்குது."

பிறகு, திரும்பிப் போகும்போது கொண்டுபோவதற்கு மிச்சக் கட்லட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே வெள்ளித்தாள் பொட்டலத்தை வைத்தார். ஷாமிலாவால் படியைத் தாண்ட முடியவில்லை. கால்கள் தாமாகவே பின்னால் இறங்கின.

"கரித்துண்டு," என்றார் அம்மா. "ஒண்டும் உனக்குப் பின்னால வராமல் இருக்கத்தான்."

"ஓம் அம்மா," என்றது அவளுடைய குரல். "நான் எறியமாட்டன்."

அம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.