பிறக்காத பிரபு

ஹூஸ்டன் விமான நிலையத்திலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தது வான்மதிதான். எட்டு மாத வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. ஃப்ரீவேயில் ஒரு பாலத்தின் நிழலுக்குள் கார் நுழைந்து வெளியே வந்தபோது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "இங்கதாம்மா" என்றாள்.

சாந்தாமணி திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த இடம் பின்னால் போய்விட்டது. மகள் இப்போதாவது அழுவாள் என்று அவள் காத்திருந்தாள். வான்மதி இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினாள்.

அது 1998, ஆகஸ்ட் மாதம். வான்மதியின் கணவன் ஜூலியன் கார் விபத்தில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சாந்தாமணிக்கு விசா கிடைத்து வர அவ்வளவு நாள் பிடித்தது.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் அவர்கள் வீடு இருந்த பகுதியே புதிது. வாசல் மரங்களைக்கூட இன்னும் குச்சி நட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். இவர்களுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததில்லை, யாரும் செத்ததுமில்லை.

கதவைத் திறந்ததும் ஏசியின் குளிர் முகத்தில் அறைந்தது. அதற்குள் வேறொரு குளிர் இருந்தது. மழையில் நனைந்த கம்பளி, பூஞ்சை பிடித்த கல்சுவர், எப்போதோ அணைந்துபோன கரி. எல்லாம் கலந்த வாடை.

"என்ன கண்ணு, வீட்டுக்குள்ள என்னமோ நனஞ்சு கெடக்குதா? நனஞ்ச ஆடாட்ட வாசமடிக்குது."

"கொஞ்ச நாளா இருக்கும்மா."

"ஆளக் கூப்புட்டுக் காட்டுலயா?"

"காட்டியாச்சு. லீக் ஒண்ணும் இல்லைன்னுட்டான்."

சொல்லிவிட்டு வான்மதி பெட்டியை உள்ளே இழுத்துப் போனாள். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல அவள் உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அழுத்தினால் அழுத்துவது தெரியும். வலி தெரியாது.

ஜூலியன் ஆங்கிலேயன். ஆஸ்டினில் அவளோடு படித்தவன். எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். கல்யாணம் முடிவான பிறகுதான் கூச்சத்தோடு அந்த விஷயத்தைச் சொன்னான். இங்கிலாந்தில் அவனுக்கு ஒரு பிரபுப் பட்டம் இருந்தது. வைகவுண்ட் கார்ஸ்டேல். நிலமில்லை, மாளிகையில்லை, எல்லாம் தாத்தா காலத்திலேயே போயிற்று. பட்டம் மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கி இறங்கி அவனிடம் வந்திருந்தது. போனில் இதைக் கேட்ட சாந்தாமணி, "வைக்கவுண்டரா? மாப்பள நம்மூட்டுப் பக்கம்னு சொல்லவே இல்லியே!" என்று கேட்க, ஜூலியன் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இப்போது அந்தப் பட்டம் வான்மதியின் வயிற்றுக்காகக் காத்திருந்தது.

லண்டன் வக்கீல் போனில் அதை விளக்கியிருந்தார். ஜூலியனுக்கு அண்ணன் தம்பி இல்லை. சித்தப்பா வழியிலும் ஆள் இல்லை. ராஜா கொடுத்த சாசனத்தில் ஆண் வாரிசுக்கு மட்டும் என்றிருக்கிறது. கர்ப்பத்தில் குழந்தை இருப்பதால் பிறக்கும்வரை பட்டம் யாருக்கும் போகாது. பையன் என்றால் முதல் மூச்சிலேயே அவன் பிரபு. பெண் என்றால், அந்த நொடியே பட்டம் அற்றுப்போகும். பிறகு எந்தக் காலத்திலும் அந்தப் பெயரில் ஒரு மனிதன் இருக்க மாட்டான்.

"ஸ்கேனில் ஏதாவது சொன்னார்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் கேட்கவில்லை" என்று வான்மதி போனை வைத்துவிட்டாள்.

வந்த மூன்றாம் நாள் காலையில் சாந்தாமணி சாப்பாட்டு அறைக் கார்ப்பெட்டை வேக்யூம் செய்தாள். அந்த அறையில் இன்னும் மேஜைகூட வாங்கிப் போடவில்லை. மெஷின் போன தடம் உழுத வயல்போல வரிவரியாக அழகாக விழுந்தது. காபி போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

கார்ப்பெட்டில் கால்தடங்கள் இருந்தன.

ஒன்றிரண்டல்ல. வரிசை வரிசையாக, அறை நிறைய. அகலமான பூட்ஸ்களும் கூர்நுனி வைத்த காலணிகளும் ஆழமாக அழுந்தியிருந்தன. வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றவர்களின் தடம்.

எல்லா முனைகளும் வான்மதியின் படுக்கையறையைப் பார்த்திருந்தன.

காபி டம்ளர் கையிலேயே ஆறிப்போனது.

"வானு... ஆருது கண்ணு?" என்றாள்.

வான்மதி வந்து பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அவரோட ஆளுங்கம்மா. அப்பா, தாத்தா, அதுக்கும் முன்னாடி இருந்தவங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெயிட் பண்றாங்க, அவ்வளவுதான்."

"எதுக்கு?"

வான்மதி வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"வேற எங்காச்சும் போயிரலாம் சாமி. உன்ற சிநேகிதி ஊடு, ஓட்டலு, எங்கியோ."

"வீட்டுக்காக வந்தவங்க இல்லம்மா. நான் எங்க போனாலும் வருவாங்க."

அவள் சொல்லாத ஒன்று இருந்தது. மத்தியானங்களில் அம்மா கண்ணயர்ந்த பிறகு, வான்மதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்த அறைக்குப் போவாள். வரிசையின் முன்னால், கதவுக்கு மிக அருகில், மற்றவை போலில்லாத ஒரு ஜோடித் தடம் இருந்தது. வலது கால் ஓட்ட ஷூ. இடது கால் வெறுங்கால். ஆஸ்பத்திரியில் ஜூலியனின் துணிமணிகளோடு அவளிடம் கொடுத்தது ஒற்றை ஷூதான்.

அவள் அந்த வெறுங்கால் தடத்தில் உள்ளங்கையைப் பதித்து ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். தடம் பனிக்கட்டிபோல் குளிரும். அந்த நாட்களில் அவளுக்கு உறைத்த ஒரே விஷயம் அந்தக் குளிர்தான்.

பெண் பிறந்தால் இவர்கள் போய்விடுவார்கள். அவனும் போய்விடுவான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பரில் தடங்கள் சாப்பாட்டு அறையைத் தாண்டி நடைக்கு வந்தன. பகலிலேயே சத்தங்கள் கேட்டன. கார்ப்பெட் போட்ட தரையில் பலகை முனகியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒருநாள் சாந்தாமணி அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது, பிடரிக்குப் பின்னால், ஈர மூச்சோடு ஒரு கிழவனின் குரல் கேட்டது. ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ஆங்கிலம் தெரியாத அவளுக்கும் தெரிந்த சொல்.

பையனா?

அவள் திரும்பவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பண்ணாரி அம்மன வேண்டிக்கிட்டேன்" என்றாள். "பொண்ணாப் பொறக்கோணும்னு. இவங்க கண்ணுல படாம, நம்ம புள்ளையா, பொண்ணா."

வான்மதி அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உன்னையப் பெத்தப்பக்கூட நான் அப்படி வேண்டல கண்ணு. பையன்தான் வேணும்னு வேண்டுனேன். நீ பொறந்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டேன்." சாந்தாமணியின் கண்ணில் நீர் வழிந்தது. "இப்ப இவங்களப் பாக்கறப்ப என்னையே பாக்கறாப்ல இருக்குது."

வேறொரு காலமாக இருந்தால் அந்தச் சொற்கள் வான்மதியை அறுத்திருக்கும். இப்போது மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் யாரோ பேசுவதுபோல் இருந்தது. "பரவால்லம்மா" என்றாள். பையன் வேண்டும் என்று தானும் தினமும் வேண்டிக்கொள்வதை அவள் சொல்லவில்லை.

வலி காலையில் வந்தது. பிரசவ அறையில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அத்தனை மருந்து நெடிக்கு நடுவிலும் அந்த ஈரக் கம்பளி வாடை அடித்தது. கட்டிலைச் சுற்றிக் காற்று அடர்ந்து நின்றது. நர்ஸ் தோளைச் சிலிர்த்துக்கொண்டு, ஏசியைக் குறைக்கச் சொன்னாள்.

குழந்தை அழுதது.

"கேர்ள்!" என்றார் டாக்டர்.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பிறகு வெளியே, வழவழத்த நடைபாதையில், பலர் மெதுவாகத் திரும்பி நடந்து போகும் ஓசை. கடைசியாக ஒரு காலடி மட்டும் தயங்கியது. ரப்பர் ஷூ கீச்சிட்டது. வெறுங்கால் தரையில் பட்டது. ஷூ. வெறுங்கால்.

"ஜூலியன்" என்றாள் வான்மதி.

ஓசை ஒரு கணம் நின்றது. பிறகு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது கார்ப்பெட் வெறுமையாக இருந்தது. வாடையும் இல்லை. சாந்தாமணி சாம்பிராணி போட்டாள். வந்த நாளிலிருந்து முதல்முறையாக ரேடியோ வைத்தாள். வான்மதி சாப்பாட்டு அறைத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கார்ப்பெட் அறையின் சூட்டில்தான் இருந்தது.

அவளுக்குப் பால் சுரக்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். சாந்தாமணி பூண்டு வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் பவுடர் பால்தான்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது வக்கீல் மறுபடி கூப்பிட்டார். கார்ஸ்டேல் பட்டம் அற்றுப்போனது என்று உறுதி செய்தார். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார். ஒரு விஷயத்தை எல்லோருமே மறந்திருந்தார்களாம். பல தலைமுறைக்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒருத்தி, தன் பிறந்த வீட்டுப் பட்டத்தோடு வந்தாள். அது இன்னும் பழையது. சின்னது. அதில் ஆண் என்ற நிபந்தனை இல்லை. அவள் மகன் அம்மாவுடையதையும் அப்பாவுடையதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள, சின்னது பெரியதற்குள் கலந்து மறைந்தது. இப்போது பெரியது செத்துவிட்டதால் சின்னது தனியாக வெளியே வந்திருக்கிறது. சகோதரிகள் இருந்தால் யாருக்கும் சேராமல் அவர்களுக்கு நடுவில் அது தொங்கிக்கொண்டிருக்கும். ஜூலியனுக்கு ஒரே மகள், அதனால் நேராக அவளுக்கு.

"பிறந்த நொடியிலிருந்தே அவளுக்குத்தான்" என்றார்.

"என்னவாமா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"வேற ஒரு பட்டம் இருக்காம்மா. பொம்பளைங்க வழியா வர்றது."

சாந்தாமணியின் முகம் வெளுத்தது. "அப்ப அந்தப் பொம்பளைகளும் வருவாங்களா கண்ணு?" இருவரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு வாடையும் இல்லை. கார்ப்பெட்டில் ஒரு தடமும் இல்லை.

மறுநாள் மத்தியானம் வான்மதி சோபாவில் தூங்கிப்போனாள். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குழந்தை பசிக்கு அழும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

தொட்டில் கட்டிலில் குழந்தை விழித்தபடி படுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. கடைவாயில் ஒரு துளி பால்.

வான்மதி விரலால் தொட்டாள். சூடாக இருந்தது.

"அம்மா, பாப்பாவுக்குப் பால் குடுத்தியா?"

கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த சாந்தாமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இல்லியே கண்ணு. அழவே இல்ல, நீதான் குடுத்தீன்னு நெனச்சேன்."

காலையில் கலக்கி வைத்த பாட்டில் ஃபிரிட்ஜில் நிறைந்தபடி இருந்தது. வான்மதி அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினாள். வெந்நீர் விரலைச் சுட்டது. சுடுவதை அவள் ஆச்சரியத்தோடு உணர்ந்தாள். பல மாதங்களில் முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாட்டிலை நீட்டினாள். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. பிறகு வான்மதியின் தோளுக்கு மேலே, வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்தது.

வாயைத் திறந்தது.

எதுவுமில்லாத அந்த வாய்க்குள்ளிருந்து, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.