கேட்காமல் வந்த மிச்சம்

குருநகரில் என் மனைவி றஜனியின் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் திரும்பியிருந்தது. அவளுடைய தம்பி கொலின்ஸ் என் பெட்டியைத் தன் ஓட்டோவிலிருந்து தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அத்தான், பாரமே இல்லை? பிரான்சிலை இருந்து வாறவை சொக்கிலேட் கடையை எல்லோ தூக்கிக்கொண்டு வாறவை!"

பெட்டியில் அவளுடைய உடுப்புகள் மட்டும் இருந்தன. நான் அதை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவன் சிரிப்பு தானாக நின்றது.

முன்னறையில் கருவாட்டு மணம். மூலையில் அவளுடைய ஆர்மோனியம், கல்யாணத்துக்கு முன் கோயில் பாடகர் குழுவில் வாசித்தது. துருத்தி மடித்துக் கொளுக்கி போட்டிருந்தது. மேலே வெள்ளைத் துணி.

மாமி எனக்குத் தேத்தண்ணி தந்தார். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவளை அடக்கம் பண்ணின நாளிலை இருந்து உது வாசிக்குது."

நான் ஆர்மோனியத்தைப் பார்த்தேன்.

"கோயில் பாட்டில்லை. கூத்துப் பாட்டுமில்லை. வெயில் சாயேக்கை தொடங்கும். பாதியிலை நிண்டிடும்."

"ஆரும் பிள்ளையள்..."

"வீடு பூட்டியிருக்கேக்கையும் வாசிச்சது, தம்பி. கொலின்ஸ் அந்த நேரம் ஓட்டோவோடை போடுவான், அவனுக்கு இன்னும் தெரியாது."

மாமிக்குப் பிரான்சுக்கு வர விசா கிடைக்கவில்லை. மகளின் அடக்கத்தைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார்.

"நீங்கள் குழியடியிலை நிண்டு 'போட்டு வாறன்' எண்டு சொன்னதைக் கேட்டனான்."

செத்த வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. சவக்காலையிலும்தான். பேசாமல் திரும்பிவிட வேண்டும். எனக்கும் அது தெரியும். தினமும் வேலைக்குப் போகும்போது அவளிடம் சொன்ன சொல், வாயில் வந்துவிட்டது.

"நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்," என்றார் மாமி.

வெயில் சன்னலை விட்டு இறங்கியது.

துணி மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

மூச்சு விடுவதுபோல.

பிறகு இசை.

எனக்கு அது தெரியும்.

போன கோடையில் ஒரு ஞாயிறு, பஸ் பிடித்துக் கிராமம் கிராமமாகத் திரிந்தோம். கல் வீடுகள். சன்னல்களில் பூச்சட்டிகள். றஜனி ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊர்ப் பெயர் வைத்தாள். மீன் விற்ற ஊர் மயிலிட்டி. ஊற்று இருந்த ஊர் கீரிமலை. கடைசி ஊரின் சந்தியில் ஒரு கிழவர் அக்கோடியன் வாசித்துக்கொண்டிருந்தார். தூறலிலும் சனம் ஆடியது. அவள் என் முழங்கையில் விரல்களை ஓட்டி அந்த மெட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

பாட்டு முடியவில்லை. கடைசி பஸ் வந்துவிட்டது.

"போட்டு வாறம் ஐயா," என்று கிழவரிடம் தமிழிலேயே சொன்னாள். பஸ்ஸில் என்னிடம், "மிச்சத்தை வந்து கேப்பம், என்ன?" என்றாள்.

கார்த்திகையில் காய்ச்சலென்று படுத்தாள். எழும்பவில்லை.

ஆர்மோனியம் நின்றது. பஸ் வந்த அதே இடத்தில்.

மாமி என் கையைப் பிடித்தார். அவர் கை குளிர்ந்திருந்தது.

"இந்த முறை ஒண்டும் சொல்லாமல் போங்கோ, தம்பி. பிள்ளை நித்திரை கொள்ளட்டும்."

"ஓம் மாமி."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கினேன். வெளியே கொலின்ஸ் ஓட்டோவை இயக்கினான். பின்னால் துணி இன்னும் உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. திரும்பாமலே தெரிந்தது.

சொல்லாமல் போனால் அவள் ஓய்வாள்.

எனக்கு அந்த மூச்சும் இராது.

படலைக் கதவில் கை வைத்தேன். திரும்பினேன். வாசலில் மாமி செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி தலையசைத்தார். வேண்டாம்.

"றஜனி, போட்டு வாறன்."

மாமி நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

கொலின்ஸ் ஓட்டோவை நிறுத்தினான். "அத்தான், உள்ளுக்கை ஆர் வாசிக்கிறது?"

இசை முதலிலிருந்து வந்தது. பஸ் வந்த இடத்துக்கு வந்தது.

நிற்கவில்லை.

நாங்கள் இருவருமே கேட்காத மிச்சத்தை வாசித்தது.