கீழம்பியில் திரும்பிய பஸ்

யுவனுக்குத் தெரிந்த உலகத்தின் விலை பன்னிரண்டு ரூபாய். தாமலில் ஏறினால் காஞ்சிபுரம் பஸ் நிலையம் வரை. அரசாங்கம் அவனுக்கு இலவச பாஸ் கொடுத்திருந்ததால் அதிலும் முழுத் தள்ளுபடி. எவ்வளவு பேரம் பேசினாலும் எந்தக் கடையிலும் இவ்வளவு மலிவாக ஓர் உலகம் கிடைக்காது.

யுவனுக்கு வயது பத்தொன்பது. புதிய விஷயங்கள் அவன் மனதுக்குள் மெதுவாகத்தான் நுழையும். அவசரப்படுத்தினால் மிரண்டுவிடுவான். ஒருமுறை உள்ளே போய்விட்டாலோ அங்கேயே குடியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டருக்கு முன்பே ஊர்ப் பெயர்களைச் சொல்லுவான். பஸ் நிலையத்தில் இறங்கி, பக்கத்துப் பயிற்சி மையத்தில் பட்டுப்புடவைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடிப்பான்.

தினமும் அம்மாதான் கூடப் போவார். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். பள்ளி விடுமுறையில் இருந்த தங்கை தேவிப்ரியா கிளம்பினாள். அவளுக்குப் பத்து வயது.

அப்பா தன் போனை அவள் கையில் வைத்தார். "போன வருஷம் பஸ்ல ஒரு தடவை மிரண்டு, ஆறு மாசம் வாசலைத் தாண்டல இவன். இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அவ்ளோதாம்மா, வீட்டோட இருக்கட்டும். ஏதாச்சும்னா அம்மா நம்பருக்கு அடி. வந்து கூட்டிக்கினு வந்துடறேன்."

அன்று காஞ்சிபுரத்தில் கருட சேவைத் திருவிழா. பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. கண்டக்டரும் புதியவர்.

"பாலுச்செட்டி சத்திரம்!" என்றான் யுவன். சத்திரம் வந்தது. "கீழம்பி!" என்றான். கீழம்பியும் வந்தது.

அடுத்து நேராகப் போக வேண்டிய பஸ், திருவிழாவுக்காக வலது பக்கம் புறவழிச்சாலையில் திரும்பியது.

"தப்பு," என்றான் யுவன். "தப்பு. தப்பு!" காதைப் பொத்திக்கொண்டு அலறினான். ஜன்னல் கம்பியில் தலையை மோதினான்.

"இதையெல்லாம் ஏன்பா பஸ்ல ஏத்தறீங்க?" என்றார் ஒருவர்.

"சின்னப் பொண்ணை நம்பி அனுப்பியிருக்குது பாரு ஒரு வீடு!" என்றார் ஓர் அம்மா.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது.

"இறங்கு பாப்பா. பின்னாடி வர்ற பஸ்ல வா."

"அதுவும் இப்படித்தானே திரும்பும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இறங்கு."

இறங்கினார்கள். பஸ் போயேவிட்டது. யுவன் சாலையோரப் புழுதியில் சுருண்டு உட்கார்ந்தான். நெற்றியில் ரத்தம் கசிந்தது. தேவிப்ரியா துப்பட்டாவால் துடைத்தாள்.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. டிரைவர் யுவனைப் பார்த்தார். "நாலு சீட்டு காசு குடுப்பியா?"

"ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"இவன் கத்தினா மத்தவங்க ஏற மாட்டாங்களே. அந்த நஷ்டத்தை யாரு குடுப்பா?"

அவ்வளவு காசு அவளிடம் இல்லை. ஆட்டோவும் போனது.

தேவிப்ரியா போனை எடுத்தாள். அழைத்தால் அப்பா வருவார். அண்ணனை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். அதோடு வாசல் கதவு சாத்தப்படும். அவள் போனைப் பையில் போட்டாள்.

"நடந்து போலாம், வாண்ணா."

"பஸ்ஸு," என்றான் யுவன், தலை நிமிராமல். "பஸ்ஸு."

அவள் யோசித்தாள். அண்ணனுக்குக் கூட்டம் பயமில்லை, சத்தமும் பயமில்லை. வழி மாறியதுதான் பயம்.

பஸ் திரும்பிய முனைக்கு ஓடினாள். நேர் சாலையைப் பார்த்து நின்று வாயாலேயே விசில் அடித்தாள். "ஒலிமுகமதுபேட்டை, பஸ் ஸ்டாண்டு! நேரா போற பஸ்ஸு! ஏறு, ஏறு!"

யுவன் தலையைத் தூக்கினான். வெகுநேரம் பார்த்தான். "ஜன்னல்?" என்றான்.

"இந்த பஸ்ல எல்லாமே ஜன்னல்தாண்ணா!"

எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

வெயில் கொளுத்தியது. போகிற வண்டிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பையன் செல்போனில் படம் பிடித்தான். தேவிப்ரியாவின் செருப்பு வார் அறுந்தது. "டயர் பஞ்சர்!" என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ்ஸை ஓட்டினாள்.

ஊர் எல்லையில் போலீஸ் தடுப்பு. நடப்பவர்கள் ஓரமாக நுழைந்து போனார்கள். யுவன் தடுப்புக்கு நேரே நின்றுவிட்டான்.

"சைடுல போங்கம்மா," என்றார் போலீஸ்காரர்.

"பஸ்ஸு," என்றான் யுவன்.

"வண்டி எதையும் உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்."

"இதுக்குச் சக்கரம் இல்ல சார்," என்றாள் தேவிப்ரியா.

அவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். யுவனின் நெற்றியைப் பார்த்தார். இரும்புத் தடுப்பைக் கரகரவென்று இழுத்தார். "போ, ரைட்! சாயந்திரம் ரோடு தொறந்துடுவோம். திரும்பறப்போ நெஜ பஸ்ஸே வரும்."

"ஒலிமுகமதுபேட்டை!" என்று கத்தினான் யுவன். அவன் சொன்ன இடத்தில் அது வந்தது.

பயிற்சி மையத்தை அடையும்போது உச்சிவெயில். யுவன் முகம் கழுவிக்கொண்டு அட்டைப்பெட்டிகளின் முன் உட்கார்ந்தான். தேவிப்ரியா வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றார் அப்பா.

"பஸ் சுத்திக்கினு போச்சுப்பா. நாங்க நேரா வந்துட்டோம்."

பிறகு கொப்புளம் வந்த காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, நாள் முடிவில் கண்டக்டர்கள் கணக்கு ஒப்பிப்பதுபோல அண்ணனுக்கு ஒப்பித்தாள்.

"ஏறினவங்க ரெண்டு பேரு. இறங்கினவங்க ரெண்டு பேரு. நடுவழியில இறக்கி விட்டது, யாரையும் இல்ல."