சுல்தான் வாயில் நுரை!

"டேய் வசந்து! ஓடியாடா! சுல்தான் வாயில நுரை தள்ளுதுடா!"

பெருமாள்சாமியின் அலறல் ஒரகடம் ஸ்கிராப் யார்டின் தகரச் சுவர்களில் மோதித் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். லாரி இல்லை. ஆள் இல்லை. இரும்புக் குவியலுக்கு நடுவே அவரும், அவருடைய ராஜபாளையம் நாயும், பார்ட்னர் வசந்தகுமாரும் மட்டும்.

சுல்தானின் நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகியிருந்தது.

"காலைல கூட நல்லா இருந்தானேடா... இன்னாடா ஆச்சு என் புள்ளைக்கு?"

இன்னா ஆச்சா?

வசந்தகுமாருக்குச் சிரிப்பு வந்தது. மாட்டு உண்ணிக்கான மருந்து! தண்ணீர் கலந்து துடைக்க வேண்டியதை அப்படியே நாயின் பிடரியில் கவிழ்த்துத் தேய்த்திருந்தான், பாவி. எரிச்சல் தாங்காமல் அது அவன் கையைக் கடித்துவிட்டது. கடிக்கட்டுமே! இந்த நாய் நாலு காலில் நிற்கும்வரை பெருமாள்சாமியை ஒரு பயல் நெருங்க முடியாது. பெருமாள்சாமி இருக்கும்வரை பக்கத்து கார் கம்பெனியின் ஸ்கிராப் கான்ட்ராக்ட் இவன் கைக்கு வராது.

"டாக்டருக்கு போன் போடுடா!"

"போடுறேண்ணே... நீ அவன் தலையப் புடிச்சிக்க."

பெருமாள்சாமி மண்டியிட்டார். நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

இரும்புத் தடி மேலே போனது.

ணங்!

ஒரே அடி.

சுல்தான் இழுத்துக்கொண்டே பார்த்தது. எழத்தான் முடியவில்லை.

வசந்தகுமார் நிதானமாகப் பிணத்தை இழுத்து இரும்புக் குவியல் மேல் போட்டான். தடியைக் கழுவினான். அப்புறம் ரோட்டுக்கு ஓடி வயிற்றில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! நாய்க்கு வெறி புடிச்சிடுச்சி! அண்ணன் பயந்து ஓடி இரும்பு மேல வுழுந்துட்டாரு! என்னையும் கடிச்சிடுச்சி பாருங்க!"

ரத்தம் வடியும் கையை ஊருக்கே காட்டினான். அடடா, என்னமா ஒரு நடிப்பு! போலீஸ் வந்து நாயை வலை போட்டுத் தூக்கிப் போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து யார்டு திறந்தது.

செத்தவரின் சுழல் நாற்காலியில் வசந்தகுமார் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, இன்ஸ்பெக்டர் ஜாஸ்மின் உள்ளே வந்தாள்.

"கை எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சி மேடம்."

"நல்லது. நாய்கிட்ட பழகின எல்லாரும் ஊசி போட்டாச்சா? கேஸை மூடணும். நீ போட்டியாம்மா?"

இரும்பு பிரிக்கும் சின்னப்பொண்ணு முந்தானையில் கை துடைத்தாள்.

"ஒண்ணு வுடாம போட்டுக்கினேம்மா! அதுக்கு சோறு வெச்ச கை ஆச்சே. பயத்துல தூக்கமே இல்ல."

"நீ?"

எடை போடும் பாபு தலையைச் சொறிந்தான்.

"என் லுங்கிய நக்குச்சி மேடம். அதுக்கே போய் போட்டுக்கினேன்."

"வசந்தகுமார்?"

டீ கிளாஸை மேஜையில் வைத்தான்.

"நான்... வேலைல மறந்துட்டேன் மேடம்."

"மறந்துட்டீங்க!" ஜாஸ்மின் சிரித்தாள். "லுங்கிய நக்குனதுக்கு ஒருத்தன் ஜி.எச். வாசல்ல நிக்கிறான். வெறி நாய் கடிச்சி ரத்தம் வந்த ஆளு மறந்துட்டீங்க!"

"ஊசின்னா... எனக்கு பயம்..."

"சாவுன்னா பயம் இல்லியா? அந்த நாய்க்கு வெறி இல்லன்னு கால்நடை டாக்டருக்குத் தெரியும். அவர் சொல்லி எனக்குத் தெரியும். மூணாவதா ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும். மருந்தைத் தேய்ச்சவனுக்கு!"

"எ... எந்த மருந்து?"

"பிடரி பூரா மாட்டு மருந்து நாத்தம்யா! சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி டாக்டர் கையே தேஞ்சி போச்சு!"

வசந்தகுமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"செத்த நாயை வெச்சி கதை கட்டாதீங்க மேடம்."

"செத்துச்சின்னு யாரு சொன்னது? ஜோயல்!"

கான்ஸ்டபிள் ஜோயல் ஜீப் கதவைத் திறந்தான்.

சுல்தான்!

இளைத்திருந்தது. பிடரியில் முடி கொட்டி ரணம் சிவந்திருந்தது. குரைக்கவில்லை. இரும்புக் குவியலை மோந்தது. முனகியது. பிறகு, மெல்ல, நாற்காலிப் பக்கம் திரும்பியது.

ஜோயலின் கையிலிருந்து கயிறு நழுவியது. நழுவியதா... விட்டானா? அது அந்தக் கர்த்தருக்கே வெளிச்சம்!

"ஐயோ! புடிங்க! நான்தான் மேடம்! நான்தான் தடியால அடிச்சேன்! நாயப் புடிங்க!"

"சத்தமா சொல்லுங்க. பாபுவுக்கும் கேக்கட்டும்."

"நான்தான் கொன்னேன்!"

ஜாஸ்மின் அவசரமே படாமல் கயிற்றை எடுத்தாள். நாயைப் பிரித்தபோது வசந்தகுமாரின் இன்னொரு கை கந்தலாகியிருந்தது.

"மேடம்... ஆஸ்பத்திரி... ஊசி..."

கைவிலங்கை மாட்டியபடியே ஜாஸ்மின் சொன்னாள்.

"உனக்கு எதுக்குய்யா ஊசி? அவனுக்கு வெறி இல்லன்னுதான் உனக்கே நல்லாத் தெரியுமே!"