பல் டாக்டரின் பழைய கார்

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மனிதருக்கு நான் பதிலுக்கு ஒரு வேலை செய்து கொடுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. "கார்ல சாவி திரும்ப மாட்டேங்குது, வந்து பாருப்பா" என்று பல் டாக்டர் போன் செய்தபோது நல்ல மழை. பூட்டு வேலை பார்க்கிறவனுக்கு மழையாவது வெயிலாவது. மச்சானையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, கார் மெக்கானிக். ஒரு நட்டைக் கழற்ற உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டான் என்பதால் அவனுக்கு மின்னல் என்று பட்டப்பெயர்.

வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஷெட். டாக்டர் சுவரைத் தடவியபடி முன்னால் நடந்து கதவைத் திறந்தார். பெட்ரோல் வாடையும் பழைய தோல் வாடையும் முகத்தில் அடித்தன. நடுவில் பெரிய கறுப்புக் கார், நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஓடிய வண்டி. மின்னல் வணக்கம் வைத்தான். டாக்டர் அவனுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார். மின்னல் என்னைப் பார்த்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல என் பொண்ணு ரயில்ல வர்றா, கைக்குழந்தையோட" என்றார் டாக்டர். "பேரனை நான் இன்னும் பார்க்கல. இந்த வண்டிலதான் கூட்டிட்டு வரணும்."

"ஓட்டுறது யாரு சார்?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா?"

கை கால் இருக்கிறது. கண்தான் இல்லை போலிருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. வாடிக்கையாளர், விழுங்கிவிட்டேன்.

பழைய கார்களில் சாவித் துவாரம் ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்திருக்கும். சாவியை எடுத்ததும் பூட்டிலிருந்து ஓர் இரும்பு நாக்கு நீண்டு தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். யாரும் வண்டியைத் திருடிக்கொண்டு போகாமலிருக்க. சில நேரம் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றால் அந்த நாக்கு இறுகிவிடும், சாவி திரும்பாது. இதற்கு ஒரே வைத்தியம்தான். ஒரு கையால் ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டியபடி மறு கையால் சாவியைத் திருப்ப வேண்டும். இதற்கெல்லாமா என்னைக் கூப்பிட்டார் என்று நினைத்தபடி ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஸ்டீயரிங் இடது பக்கமாக விறைத்து நின்றது. வலது பக்கம் தள்ளினேன். அசையவில்லை.

"டயர் திரும்பியிருக்கு, அந்தக் கனம்தான்" என்றான் மின்னல். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினான். இரண்டு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின. இனி இழுக்க ஒன்றுமில்லை.

மறுபடி தள்ளினேன். ஸ்டீயரிங் என்னைத் திருப்பித் தள்ளியது.

இரும்பின் இறுக்கம் எனக்குத் தெரியும். அது ஒரே மாதிரி இருக்கும், செத்த இறுக்கம். இது அப்படி இல்லை. நான் விட்டால் அதுவும் தளர்ந்தது. நான் அழுத்தினால் அதுவும் அழுத்தியது.

"மின்னல், கீழேருந்து எதையாவது பிடிச்சிருக்கியா?"

அவன் ஷெட் வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து சீட்டில் ஸ்பிரிங் மெல்ல முனகியது.

அங்கே யாருமில்லை. தோல் மட்டும் நடுவில் குழிந்திருந்தது. முகப்பவுடர் வாசனை வந்தது, அப்போதுதான் பூசிக்கொண்டு வந்ததுபோல. நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

டாக்டர் தேநீர் கொண்டுவந்திருந்தார். கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். தட்டு நிறைந்து வழிந்தது, அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மின்னல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கை அவர் ஏன் திடீரென்று மூடினார் என்று ஊரே கேட்டது. எனக்கு இப்போது புரிந்தது.

"சார், பக்கத்து சீட்ல யாரு உட்காருவாங்க?" என்றேன்.

"என் வீட்டுக்காரிதான். போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா." அவர் சிரித்தார். "நான் ஓட்டினா அவளுக்கு உயிரே போயிடும். எதிர்ல லாரி வந்தாப் போதும், சட்டுனு என் கைமேல கை வச்சு ஸ்டீயரிங்கைத் திருப்பிடுவா. எத்தனை சண்டை தெரியுமா இதுக்கு? நேத்து பொண்ணு வர்றான்னு தெரிஞ்சு வண்டியை எடுக்கலாம்னு வந்தேன். அப்பத்தான் பூட்டிக்கிச்சு."

மின்னல் என் காதருகே குனிந்தான். "மாமா, போயிடலாம்."

போயிருக்க வேண்டும். ஆனால் திறக்காத பூட்டை அப்படியே விட்டுவிட்டு நான் எந்த வீட்டை விட்டும் வந்ததில்லை. அந்தப் பாழாய்ப்போன ரோஷம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இப்படி அடிக்கடி இறுகும் பழைய பூட்டுக்கு நாங்கள் செய்கிற வேலை ஒன்றுண்டு. பூட்டை மொத்தமாகக் கழற்றி அந்த இரும்பு நாக்கை அறுத்துவிட்டால் போதும். சாவி திரும்பும், இன்ஜின் கிளம்பும், ஸ்டீயரிங் இனிமேல் பூட்டவே பூட்டாது. அதைத்தான் செய்தேன்.

நாக்கு அறுந்து தரையில் விழுந்தது.

காருக்குள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

மின்னலுக்கும் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். பூட்டை மாட்டினோம், காரை இறக்கினோம், பேட்டரியை இணைத்தோம். சாவி வெண்ணெய்போலத் திரும்பியது.

"சார், காலைல நாங்களே ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டு வர்றோம்" என்றேன். "உங்க கண்ணு..."

"பூட்டைப் பார்க்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன், கண்ணைப் பார்க்க இல்ல." முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "என் பேரன். நான்தான் கூட்டிட்டு வருவேன். கேட்டைத் திறங்க, ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கறேன்."

மின்னல் மழையில் ஓடிப்போய் கேட்டின் ஒரு கதவைத் தள்ளினான். மற்றதன் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ள, குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தான். கார் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. அவன் நடுவழியில் நிற்கிறான். டாக்டர் நேராகப் பார்த்தபடி வேகத்தைக் கூட்டினார்.

"சார்! ஆள்! ஆள் நிக்கிறான்!"

மழை இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. என் மனைவியின் முகம் கண்முன் வந்தது. உன் தம்பியைக் கூட்டிப்போய்க் கொன்றுவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

கார் சட்டென்று இடது பக்கம் திரும்பியது. மின்னலின் சட்டையை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது.

நான் ஓடினேன். மின்னல் சேற்றில் உட்கார்ந்து, வாய் திறந்தபடி என்னைப் பார்த்தான். உயிரோடு இருக்கிறான். காரின் கதவைத் திறந்தேன். டாக்டரின் இரண்டு கைகளும் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"நான் திருப்பலப்பா" என்றார் கிசுகிசுப்பாக. "நான் யாரையும் பார்க்கவே இல்ல."

ஸ்டீயரிங் இடது பக்கமாகவே விறைத்து நின்றது. பூட்ட வழியே இல்லாத ஸ்டீயரிங்.

அவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சரி, ஓட்டல. பேரன் மேல சத்தியமா ஓட்டல. விடு."

ஸ்டீயரிங் மெதுவாக நேரானது.

மறுநாள் மகளையும் குழந்தையையும் வாடகைக் காரில் அழைத்து வந்தார் என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கடையில் போன் அடித்தது. டாக்டரின் மகள்.

"அண்ணே, கொஞ்சம் உடனே வர முடியுமா? குழந்தைக்குக் காட்டறேன்னு அப்பா ஷெட்டுக்கு வந்து கார்ல உட்கார்ந்தார். வண்டிய எடுக்கல, சாவிகூட வீட்டுக்குள்ளதான் இருக்கு. ஸ்டீயரிங் மேல கை வச்சார். இப்ப கையை எடுக்க முடியலேங்கறார். நானும் இழுத்துப் பார்த்துட்டேன், வரல."

"வலிக்குதாமா அவருக்கு?"

மறுமுனையில் குழந்தை அழுதது. அவள் குரல் தாழ்ந்தது.

"இல்லண்ணே. சிரிக்கிறார். பக்கத்து சீட்டைப் பார்த்து ஏதோ பேசிட்டே இருக்கார். குழந்தையை அங்க உட்கார வைக்கச் சொல்றார்."

"வைக்காதீங்க. இதோ வர்றேன்" என்று போனை வைத்தேன். பையைத் திறந்தேன். எந்தக் கருவியை எடுத்துப் போடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.