சிலிண்டருக்குப் பின்னால் ஐந்து விரல்கள்

பிணம் சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

வலது கை மட்டும் மேலே நீட்டியபடி... எதையோ எட்டி எடுக்கப் போனது போல.

அந்தக் கைக்கு நேர் மேலே, ஆணியில், கரி படிந்த தீயணைப்பு சிலிண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது!

தீயணைப்பு அதிகாரி குனிந்து பார்த்தாள். செத்தவன் இந்தத் தையல் கம்பெனியின் இஸ்திரிக்காரன். வாசலில், அங்கேயே தையல் வேலை பார்க்கும் அவன் மனைவி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விடிந்ததிலிருந்து வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்ன கதையை மறுபடி ஆரம்பித்தார். ராத்திரி வேலையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் தூங்கிவிட்டானாம். துணி பற்றிக்கொண்டதாம். மற்றவர்கள் தப்பித்துவிட்டார்களாம்.

"கைக்கு எட்டுற தூரத்துல சிலிண்டர் இருக்கு. எடுக்கத் தெரியல பாருங்க மேடம். மடப்பய."

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியம் இந்த ஆளுக்கு!

முதலாளியின் ஃபோன் அடித்தது. கட் செய்தார்.

"சிலிண்டரை எப்படி எடுக்கணும், எப்படி அடிக்கணும்னு யாருக்காவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"இதுங்களுக்கு எதைச் சொன்னாலும் மண்டையில ஏறாது மேடம்."

அபாய மணிக்குள் கந்தல் துணி அடைத்திருந்ததே, அது ஏன் என்று கேட்டாள். சும்மா சும்மா அடித்து, மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததாம். கூச்சமே இல்லாமல் சொன்னார் மனுஷன்.

மறுபடி ஃபோன். மறுபடி கட்.

"வீட்டுல இருந்து" என்று இளித்தார்.

வாசலில் இருந்து இஸ்திரிக்காரன் மனைவியின் குரல் வந்தது.

"பொய்ங்க. அவரு தூங்கல. எங்க எல்லாரையும் வெளிய தள்ளிட்டு, சிலிண்டரை எடுத்துட்டு வரேன்னுதான் திரும்ப உள்ள போனாரு."

"போனவன் ஏன் எடுக்கல? இதோ தொங்குதே" என்றார் முதலாளி.

இந்தக் கதை அறிக்கையில் ஏறினால் செத்தவனே குற்றவாளி. முதலாளி வேறு கட்டடம் பார்த்துக் கடை விரித்துவிடுவார்.

அதிகாரி கையுறையை மாட்டினாள். சிலிண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள்.

நின்றுவிட்டாள்.

தீப்பிடித்தபோது சிலிண்டர் அங்கே தொங்கியிருந்தால், அது மறைத்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் கரி அப்பியிருந்தது. அந்தக் கரியில்...

ஐந்து விரல்களின் தடம்! விரல்கள் வெறும் ஆணியைச் சுற்றிச் சுற்றித் துழாவியிருந்தன.

"செத்தவர் கை சிலிண்டரைத் துளைச்சுக்கிட்டுப் போய்ச் சுவத்தைத் தொட்டுச்சா சார்?"

முதலாளிக்குப் பேயறைந்த முகம். "அது... கழுவறதுக்காகக் கழட்டி..."

ஃபோன் அடித்தது.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அடுத்த தெருவில் பிளாஸ்டிக் கம்பெனி நடத்தும் மச்சினன்!

"மாமா, எத்தனை தடவைதான் அடிக்கிறது? காலையில வாங்கிட்டுப் போன சிலிண்டரை உடனே அனுப்புங்க. உங்க தீயைப் பார்த்துட்டு இங்கேயும் செக்கிங் வர்றாங்க. போன தடவை உங்க செக்கிங்குக்கு நான்தானே குடுத்தேன்? கரி கிரி பூசி வெச்சிடாதீங்க, துடைக்கவே வராது."

முதலாளி பதறிப்போய்க் கட் செய்தார்.

செக்கிங் அன்று இதே ஆணியில் சிலிண்டர் தொங்கியதை இஸ்திரிக்காரன் பார்த்திருக்கிறான். அதை நம்பித்தான் புகைக்குள் ஓடியிருக்கிறான். அதைத் தேடியே செத்திருக்கிறான்.

அவன் மனைவி மெல்ல எழுந்து உள்ளே வந்தாள். அந்த விரல் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவரு தூங்கலன்னு எழுதுவீங்களா மேடம்?"

"முதல் வரியே அதுதாம்மா."

முதலாளி தடாலென்று தரையில் உட்கார்ந்தார்.

"மேடம்... குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதையும் மச்சினன்கிட்டயே இரவல் கேளுங்க சார்."